பெடலை நிறுத்தினா ஊளைச் சத்தம்: 18,500 ரூபாய் போச்சு, சத்தம் போகலை

ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் வச்சிருக்கிறவங்க படிச்சுட்டுப் போங்க. என் பைக்ல மிதிக்கும்போது சத்தமே கிடையாது. மிதிக்கிறதை நிறுத்திட்டு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல உருள விட்டா பின் சக்கரத்துலேர்ந்து ஊளை. ஏற்காடு மாதிரி நீள இறக்கத்துல முன்னாடி போறவங்க திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. இதைச் சரி பண்றேன்னு 18,500 ரூபாய் வாங்கிட்டு, பைக்கை அதே ஊளையோட திருப்பிக் கொடுத்திருக்காங்க. கடை பேரைப் போடலை. இறக்குமதி பைக் விக்கிற, ஏசியும் காபி மெஷினும் வச்ச பெரிய கடை, அவ்வளவுதான்.

எப்படி நம்ப வச்சாங்கன்னா, ஹெட் மெக்கானிக் சக்கரத்தைக் கழட்டி, ஆக்ஸிலை ரெண்டு விரல்ல பிடிச்சு, சுத்தி விட்டு, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் காதைக் கிட்ட வச்சுக் கேட்டார். "பேரிங் போயிடுச்சு சார், அது ஃப்ரீஹப்பையும் தின்னுருக்கு. இப்படியே ஓட்டினா இறக்கத்துல லாக் ஆகும்." ஃப்ரீஹப்னா பின் சக்கர நடுவுல பல்சக்கரங்கள் மாட்டுற உருளை. 'லாக் ஆகும்'னு கேட்டபிறகு யார் பேரம் பேசுவாங்க? ஃப்ரீஹப் 9,500, பேரிங் 3,200, "கூடவே மாத்திடுங்க சார்"னு கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) 4,300, கூலி 1,500. மொத்தம் 18,500.

பேரிங்ங்கிறதே பொய்னு யோசிச்சாலே தெரியும். சக்கரத்தோட பேரிங் மிதிச்சாலும் சுத்தும், மிதிக்காட்டியும் சுத்தும். அது போயிருந்தா ரெண்டு நேரத்துலயும் கரகரப்பு இருக்கணும், சக்கரத்தைப் பக்கவாட்டுல ஆட்டினா ஆட்டம் தெரியணும். மிதிக்கும்போது ஃப்ரீஹப்பும் சக்கரமும் ஒண்ணாச் சுத்துது. நிறுத்தினதும் ஃப்ரீஹப் நின்னுடும், சக்கரம் மட்டும் ஓடும். அப்போ மட்டும் சத்தம் வருதுன்னா, இது ரெண்டும் உரசுற இடத்துலதான் கோளாறு. சில ஹப்ல (சக்கரத்தோட நடுப்பகுதி) ஃப்ரீஹப்போட உள்பக்க முனை பேரிங்ல ஓடாது, புஷ்னு சொல்ற பிளாஸ்டிக் வளையத்துல ஓடும். அந்த புஷ்ல எண்ணெய் காஞ்சா ஊளைதான். ஏன் காஞ்சுதுன்னு கேளுங்க: இதே கடையில சர்வீஸ்னு சொல்லி டீகிரீசர் அடிச்சு, கேசட் பக்கம் பிரஷர் கன்னை நேரா வச்சுக் கழுவினாங்க. எண்ணெயைக் கழுவி எடுத்ததும் அவங்க, அதுக்கு 18,500 பில் போட்டதும் அவங்க.

பணம் கட்டி முதல் இறக்கத்துலயே மறுபடி ஊளை. போன் போட்டா, "புது பார்ட் செட் ஆகணும் சார், 200 கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டியாச்சு. "விலை உசந்த ஹப்னா சத்தம் வரத்தான் சார் செய்யும்." டிக் டிக்னு வர்ற சத்தம் வேற, ஊளை வேறன்னு சொன்னா, "ஹெட் மெக்கானிக் லீவு." பழைய பார்ட்டைக் கேட்டா ஸ்கிராப்புக்குப் போயிடுச்சாம். நேத்து வரைக்கும் 'சார்', இப்போ "ப்ரோ, எங்க சைடு எல்லாம் க்ளியர்." வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக்கோட சரி.

கேசட்டைக் கழட்டிப் பார்த்தாத்தான் வயிறு எரியுது. கேசட் புதுசு. அடியில இருக்கிற அலுமினிய ஃப்ரீஹப்ல பழைய பல்சக்கரங்கள் கடிச்ச வடு வரிசையா இருக்கு, சிலது ஒரு மில்லிமீட்டர் ஆழம். 200 கிலோமீட்டர் ஓடின புது ஃப்ரீஹப்ல அவ்வளவு ஆழமா வர வாய்ப்பு குறைவு. உள்ளே புஷ் கறுத்து, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம இருக்கு. 9,500 வாங்கின பார்ட் மாத்தவே இல்லை!

இந்த வகை ஹப்ல நிஜமான வேலை அரை மணி நேரம்தான். ஆக்ஸில் ரெண்டு முனையிலயும் 5, 10 மில்லிமீட்டர் ஆலன் கீ போட்டுத் திறக்கணும். கீழே துணி விரிச்சு, ஃப்ரீஹப்பை இடப்பக்கமாச் சுத்திக்கிட்டே மெதுவா இழுக்கணும். வெடுக்குனு இழுத்தா பாவ்ல் (மிதிக்கும்போது உள்பல்லைக் கடிச்சுப் பிடிக்கிற சின்ன நாக்கு) ரெண்டும் அதுக்கு அடியில இருக்கிற குட்டி ஸ்பிரிங்கும் தெறிச்சு ஓடிடும். புஷ், பாவ்ல், உள்பல் எல்லாத்தையும் துடைச்சு, பத்துப் பதினைந்து சொட்டு மெல்லிய மினரல் ஆயில் விடணும். 10 டபிள்யூ ஃபோர்க் ஆயில் (முன் சஸ்பென்ஷனுக்கு ஊத்துறது) நல்லாவே வேலை செய்யும். மாட்டும்போது பாவ்லை விரலால அமுக்கி, மறுபடி இடப்பக்கமாச் சுத்தினா உட்கார்ந்துடும். கேசட்டைப் பிடிச்சு வைக்கிற லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கணும்.

வேற என்ன பார்க்கணும்னு விரிவா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், 18,500ஐ நினைச்சா கை ஓடலை. சுருக்கமா:

இந்த வகை ஃப்ரீஹப் உள்ளே கிரீஸ் வைக்க விடாதீங்க. கெட்டி கிரீஸ்ல பாவ்ல் ஒட்டிக்கும், எழுந்து நின்னு மிதிக்கும்போது பெடல் வழுக்கி ஆள் விழுவீங்க.

பைக்கை ஸ்டாண்டுல போட்டு வேகமாச் சுத்தி விடுங்க. பெடலும் கூடவே சுத்தினாலோ, மேல் செயின் தொய்ஞ்சு ஃபிரேமைத் தட்டினாலோ ஃப்ரீஹப் இறுகியிருக்கு. எண்ணெய் விட்டும் ஊளை போகாம கேசட் கையில ஆடினா புஷ் தேஞ்சிருக்கு, அப்போ பார்ட் மாத்துறது நியாயம்.

பழைய பார்ட் கைக்கு வராம, பில்லுல பார்ட் நம்பர் இல்லாம பணம் கொடுக்காதீங்க. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் கொடுத்தாச்சு. வடு தெரியற போட்டோவையும் பில்லையும் கமெண்ட்ல போடுறேன்.