வார நாள் இரவுக்கு எது: அரிசிம்பருப்பா, சாம்பார் சாதமா, ரசமா?

மாலை ஏழேகாலுக்கு வீட்டுக்குள் நுழைகிறேன். எட்டரைக்குள் சின்னவள் சாப்பிட்டு முடித்தால்தான் ஒன்பதரைக்காவது தூங்குவாள். நடுவில் இருக்கிற ஒன்றேகால் மணி நேரத்தில் சமையல், வீட்டுப்பாடம், மறுநாளைக்கு யூனிஃபார்ம், அத்தைக்கு மாத்திரை எல்லாம் நடந்தாக வேண்டும். மாவு இருந்தால் தோசை ஊற்றலாம், ஆனால் கடைசி ஆள் கை கழுவுகிற வரைக்கும் ஒருத்தர் கல்லுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும் என்பதால் தோசையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஒரே தட்டில் சூடாக, வயிறு நிறைகிற மாதிரி, மதியம் முழுக்க வெளியே அலைந்துவிட்டு வந்தவருக்கு "அப்பாடா" என்று இருக்கிற சாப்பாடு எது என்பதுதான் கேள்வி.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கும்பகோணம் பக்கம் பிறந்து வளர்ந்தவள், சாம்பார் சாதம் என்றால் எனக்கு உயிர். கல்யாணமாகிப் பொள்ளாச்சி வந்த பிறகுதான் அரிசிம்பருப்பு சாதம் என்று ஒன்று இருப்பதே தெரியும். முதல் தடவை அத்தை செய்து போட்டபோது, புளியில்லை, பொடியில்லை, இதில் என்ன இருக்கிறது என்று மனதுக்குள் நினைத்தேன். பதினோரு வருஷம் கழித்து, வாரத்தில் இரண்டு நாளாவது எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு அதுதான்.

இரண்டுமே அரிசியும் துவரம்பருப்பும் சேர்ந்து குழைந்த சாதம்தான். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அடுப்படியில் நிற்கிறவருக்கு இரண்டும் முற்றிலும் வேறு வேலை.

அரிசிம்பருப்புக்கு எங்கள் அளவு ஒரு டம்ளர் பொன்னி புழுங்கலரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு. உள்ளே வந்து பையை வைத்ததும் இரண்டையும் சேர்த்துக் கழுவி ஊறப் போட்டுவிடுவேன். முகம் கழுவி, சின்ன வெங்காயம் பன்னிரண்டு உரித்து, பூண்டு ஏழெட்டுப் பல் தட்டி முடிப்பதற்குள் இருபது நிமிஷம் ஊறியிருக்கும். குக்கரிலேயே கடலை எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வெங்காயத்தையும் பூண்டையும் போட வேண்டும். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி, ஓரம் லேசாகச் சிவந்து, வாசனை ஹாலில் இருப்பவரை எட்டிப்பார்க்க வைக்கிற வரை வதக்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சாதத்தில் ருசி என்று இருப்பதெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் வருவதுதான். அப்புறம் ஒரு தக்காளி, மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள், பொடித்த மிளகு சீரகம். அரிசி பருப்பைக் கொட்டி, நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றி, உப்புப் பார்த்து மூடினால் வேலை முடிந்தது. விசில் வந்து, ஆவி தானாக அடங்கித் திறக்க இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அந்த இருபத்தைந்து நிமிஷமும் என்னுடையது. இரண்டு கையும் சும்மா இருக்கும். பெருக்கல் வாய்ப்பாடு கேட்பதும், துணி மடிப்பதும், சில நாள் வெறுமனே உட்காருவதும் அந்த நேரத்தில்தான்.

சாம்பார் சாதம் அந்த நேரத்தைத் தராது. காரணம் புளி. புளித்தண்ணீரில் பருப்பும் காயும் இளகாது, அவற்றைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிற பெக்டின் புளிப்பில் சுலபமாகக் கரைவதில்லை. புளிக்கரைசல், பொடி, பருப்பு, அரிசி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினால் அரிசி குழைந்திருக்கும், துவரம்பருப்பு மட்டும் முழுசு முழுசாகப் பல்லில் தட்டுப்படும். அதனால் முறையாகச் செய்பவர்கள் அரிசியையும் பருப்பையும் தனியாகக் குழைய வேகவைத்து, இன்னொரு பாத்திரத்தில் முருங்கைக்காய், கத்தரிக்காய், சின்ன வெங்காயம் வதக்கிப் புளித்தண்ணீரில் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து, மேலே நெய்யில் தாளித்துக் கொட்டுவார்கள். எங்கள் அம்மா மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய், வெந்தயம், தேங்காய் வறுத்து அரைத்தும் விடுவாள். அந்தச் சாதத்துக்கு ஈடு எதுவும் இல்லை, அதை நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம், மூன்று பாத்திரம், நடு நடுவே கிளறிவிட ஒரு கை எல்லாம் வேண்டும். ஒரு வார நாளில் இந்த மூன்றும் ஒருசேர எனக்குக் கிடைத்ததே இல்லை.

குறுக்கு வழியாக எல்லாவற்றையும் குக்கரிலேயே போட்டு நானும் பார்த்திருக்கிறேன். ஒரு புதன்கிழமை, அவசரத்தில் தண்ணீரைக் குறைத்து, பொடியைக் கரைக்காமல் மேலே தூவி மூடிவிட்டேன். முதல் விசிலே வரவில்லை, கருகிய வாசனைதான் வந்தது. திறந்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பிடித்திருந்தது. மேலே இருந்ததை மட்டும் பதமாக எடுத்துத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம், குக்கரை இரண்டு நாள் ஊறவைத்துத் தேய்த்தேன். பொடியும் பருப்பு மாவும் அடியில் போய்ப் படிந்தால் அங்கே தண்ணீர் சுற்றிவர வழியில்லாமல் போகிறது, அதுதான் காரணம். குக்கரில் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அரிசி பருப்புக்கு மேல் ஐந்து பங்கு தண்ணீருக்குக் குறையாமல் ஊற்றுங்கள், காரப்பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், புளியை மட்டும் குக்கர் திறந்த பிறகு தனியாகக் கொதிக்கவைத்துச் சேருங்கள். ருசி முக்கால்வாசி வந்துவிடும்.

சாம்பார் சாதத்துக்கு இன்னொரு சங்கடம், அதற்குச் சூடு முக்கியம். இதன் கன்னடத்து உறவுக்காரருக்குப் பெயரே பிசி பேளே பாத், பிசி என்றால் சூடு, பேளே என்றால் பருப்பு. பெயரிலேயே சூட்டை முதலில் வைத்தவர்கள் விவரமானவர்கள். ஆற ஆற அரிசியிலிருக்கிற மாவு இறுகிக் கரண்டி நிற்கிற பதத்துக்கு வந்துவிடும், சுடுதண்ணீர் விட்டு இளக்கினால் புளிப்பும் காரமும் நீர்த்துப்போகும். அரிசிம்பருப்பும் இறுகத்தான் செய்யும், ஆனால் அதில் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி ஒரு கரண்டி நெய் விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீர்த்துப்போக அதில் கூர்மையான ருசி எதுவும் இல்லை என்பதே அதற்கு வசதி.

விசில் பற்றி ஒரு வார்த்தை. "எத்தனை விசில்" என்று கேட்டுக் கேட்டுத்தான் நாம் எல்லோரும் சமைக்கக் கற்றோம், ஆனால் விசில் நல்ல அளவுகோல் இல்லை. பெரிய பர்னரில் வைத்தால் நான்கு விசில் ஐந்தாறு நிமிஷத்தில் வந்துவிடும், பருப்பு வெந்திருக்காது. வெயிட் தூக்கியதும் அடுப்பைச் சிம்மில் வைத்துப் பன்னிரண்டு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து அணைப்பதுதான் என் வழக்கம். உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் இருக்கிறது, விசில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வேகத்தான் செய்யும். பருப்பு பழசாக இருந்தால், அல்லது உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் நான்கைந்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ரசத்துக்கு வருவோம். ரசம் சாதத்தோடு பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும். இதை லேசான சாப்பாடு என்று ஒதுக்குகிறவர்கள் துவையல் இல்லாமல் சாப்பிட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, தேங்காய், உப்பு சேர்த்துக் கொரகொரவென்று கெட்டியாக அரைத்து, குழைந்த சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து இரண்டு கவளம், அதற்கு மேல் மிளகு ரசம் ஊற்றி மீதி. மழை பெய்கிற ராத்திரியில் இதைவிட வேறென்ன வேண்டும்.

அடுப்படியில் நிற்கிற நேரம் என்று பார்த்தால் ரசம் நடுவில் நிற்கிறது. சாதம் ஒரு பக்கம் வேக, ரசம் ஒரு பக்கம் கொதிக்க, துவையலுக்கு வறுத்து அரைக்க, மொத்தம் முப்பத்தைந்து நிமிஷம். பாத்திரம்தான் அதிகம்: குக்கர், ரசச் சட்டி, வாணலி, மிக்ஸி ஜார். கரண்ட் போனால் துவையல் இல்லை. ரசத்தைக் கடைசி மூன்று நிமிஷம் கண் எடுக்காமல் பார்க்கவும் வேண்டும். புளி வாசனை போகக் கொதித்த பிறகு மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டுத் தண்ணீர் விளாவினால், ஓரத்திலிருந்து மஞ்சளாக நுரை கூடி நடுவுக்கு வரும். நடுவில் மூடப் போகிற அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் தளதளவென்று கொதிக்கவிட்டால் மிளகு சீரகத்தின் வாசனை ஆவியோடு போய், கசப்பு மட்டும் மிஞ்சும். பக்கத்து அறையிலிருந்து கொண்டு இதைச் செய்ய முடியாது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் ரசத்தை மற்ற இரண்டும் தொடவே முடியாது. எங்கள் வீட்டில் மாதத்தில் பாதி நாள் அவர் வர ஒன்பதரை ஆகிவிடும், அத்தை, சாதம் இறங்கியதுமே சாப்பிட்டுவிடுவார், நாங்கள் எட்டேகாலுக்கு. இப்படி மூன்று பந்தி நடக்கிற வீட்டில் அரிசிம்பருப்பு மூன்றாம் பந்திக்குக் களியாகி, வெந்நீர் விட்டு இளக்கின மிச்சமாகத்தான் போய்ச் சேரும். சாதம் தனி, ரசம் தனி, துவையல் தனி என்று இருந்தால் ஒன்பதரைக்கு வருபவருக்கும் ரசத்தை லேசாகச் சூடு காட்டிப் போட்டால் போதும், முதலில் சாப்பிட்டவருக்குக் கிடைத்ததுதான் அவருக்கும் கிடைக்கும். தாமதமாக வருகிறவர் தினமும் மிச்சத்தைச் சாப்பிடுகிற மாதிரி இருப்பது எனக்குப் பிடிக்காது. எது ருசி என்பதைவிட எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோமா என்பதை வைத்துத்தான் நான் இப்போது இரவுச் சாப்பாட்டை முடிவு செய்கிறேன்.

ஒரு தடவை அத்தையிடமே கேட்டேன், நீங்கள் ஏன் அந்தக் காலத்தில் ராத்திரிக்கு ரசம் வைக்கவே இல்லை என்று. "எல்லாரும் தோட்டத்துல இருந்து ஒண்ணாத்தான் வருவோம் கண்ணு, ஒண்ணாத்தான் உக்காருவோம்" என்றார். ஒரே பாத்திரம், ஒரே நேரம்.

வெண்பொங்கலையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். பாசிப்பருப்பு ஊறவே தேவையில்லை, வேகமாக வேகும், புளி தக்காளி எதுவும் இல்லாததால் குழைவதில் பிரச்சினையே இல்லை. ஆனால் நெய்யைக் குறைத்தால் பொங்கல் பொங்கலாக இருக்காது, குறைக்காவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்கு நெஞ்சில் நிற்கும். எனக்கு அது காலைச் சாப்பாடுதான். ரவா கிச்சடி பதினைந்து நிமிஷத்தில் முடியும், கேரட்டும் பட்டாணியும் போட்டால் பார்க்கவும் அழகு, ஆனால் பதினோரு மணிக்குப் பசி எடுக்கும், பெரியவன் எழுந்து பிஸ்கட் டப்பாவைத் திறப்பான். வேறு வழியே இல்லாத நாளுக்கு மட்டும்.

சர்க்கரை இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் அரிசிம்பருப்பில் ஒரு வசதி உண்டு. பருப்பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு ஏற்றலாம், ஒரு கைப்பிடி கீரையோ முருங்கையிலையோ திறந்த பிறகு அந்தச் சூட்டிலேயே கலந்துவிடலாம், ருசி கெடாது. அத்தைக்காக நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், கூடவே பீன்ஸ் பொரியல் நிறைய வைத்துச் சாதத்தைக் குறைத்துப் போடுவோம். ரசம் சாதத்தில் அந்த வேலையைத் துவையல் கொஞ்சம் செய்யும், ஆனால் தட்டில் பெரும்பகுதி வெறும் சாதமாகவே இருக்கும்.

மறுநாள் டிஃபன் பாக்ஸுக்கு என்று மீதி வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பருப்பு கலந்த சாதத்தை இரவு முழுக்க மேடையில் மூடி வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் காலையில் நூல் விட்டிருக்கும், வாசனை வராவிட்டாலும் வயிற்றைக் கெடுக்கும். சாப்பிட்டு முடித்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கட்ட வேண்டும். நான் மீதி வராத அளவுக்கே போட்டுவிடுகிறேன்.

ஆக, எங்கள் வீட்டுக் கணக்கு இப்படிப் போகிறது. எல்லோரும் எட்டு மணிக்கு வீட்டில் இருக்கிற நாள் அரிசிம்பருப்பு, மேலே உருக்கின நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் எலுமிச்சை ஊறுகாயும். அவர் தாமதம் என்று போன் வந்தால் ரசம். சாம்பார் சாதம் ஞாயிறு மதியத்துக்குப் போய்விட்டது, அங்கே அதற்குரிய ஒரு மணி நேரமும் முருங்கைக்காயும் கிடைக்கிறது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கவும் முடிகிறது. அந்த ஞாயிறு சாயங்காலமே நான்கு டப்பாவில் அரிசியும் பருப்பும் அளந்து, மேலே ஒரு காய்ந்த மிளகாயும் போட்டு மூடி வைத்துவிடுவேன். திங்கட்கிழமை நான் வரத் தாமதமானால் பெரியவன் அதில் ஒன்றை எடுத்து, மிளகாயை எடுத்துவைத்துவிட்டுக் கழுவி ஊறப் போட்டிருப்பான்.