கப்பல்ல துணி கசங்காம இருக்க எது சரி: ஸ்ப்ரேவா, கப்பல் லாண்டரியா, இஸ்திரி ரூமா?

சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட் பாத்துட்டு திரும்பி வர்ற குரூஸுக்கு இப்ப நம்ம ஆளுங்க நிறைய பேர் போறாங்க, 2022-ல சென்னைத் துறைமுகத்துலேர்ந்தே கார்டீலியாங்கற குரூஸ் கப்பல் ஓட ஆரம்பிச்சதும் கப்பல்னா யோசிச்சவங்க கூட கிளம்பிட்டாங்க. டிக்கெட் போட்ட கையோட எங்க சொந்தக்காரங்க எனக்கு போன் போட்டு கேக்கறது ஒரே கேள்விதான், அயர்ன் பாக்ஸ் எடுத்துட்டுப் போலாமா. முடியாது. கைல பிடிச்சுக்கற சின்ன ஸ்டீமர் இருக்கே, அதுவும் பெரும்பாலான கப்பல்ல கூடாது. ஏர்போர்ட் மாதிரியே டெர்மினல்ல பெட்டிய ஸ்கேன் பண்ணுவாங்க, இருந்தா எடுத்து வெச்சுக்கிட்டு கடைசி நாள் இறங்கும்போது திருப்பிக் குடுப்பாங்க. இதுல கோவப்பட ஒண்ணுமில்ல. நடுக்கடல்ல தீ பிடிச்சா தப்பிச்சு ஓட எடம் கிடையாது, 2006 மார்ச்ல ஸ்டார் பிரின்சஸ் கப்பல் ஜமைக்கா பக்கம் போயிட்டிருந்தப்ப பால்கனில பிடிச்ச தீ மேல்தளம் வரைக்கும் பரவி ஒருத்தர் இறந்துட்டாரு, நூத்துக்கும் மேல ரூம் சேதமாச்சு, யாரோ அணைக்காம போட்ட சிகரெட் துண்டுதான் காரணமா இருக்கும்னு விசாரணைல சொன்னாங்க. அதனால அயர்ன் பாக்ஸ வீட்லயே விட்டுட்டு மத்தத பாப்போம்.

மிச்சம் இருக்கறது நாலு வழி. சுருக்கம் எடுக்கற ஸ்ப்ரே, கப்பல்லயே காசு குடுத்து தேய்ச்சு வாங்கறது, சில கப்பல்ல இருக்கற செல்ஃப் சர்வீஸ் லாண்டரி ரூம்ல நாமளே தேய்ச்சுக்கறது, பாத்ரூம்ல வெந்நீர் ஆவில தொங்க விடறது. நான் ஸ்ப்ரே பக்கம்தான், எங்க வீட்ல இப்ப அதுதான் பழக்கம். ஏன்னு சொல்றேன்.

விலை, வசதி எல்லாத்தையும் விட கப்பல்ல முடிவு பண்றது நேரம். ஹோட்டல் மாதிரி போனதும் பெட்டி நம்ம கைல இருக்காது. மதியம் வாக்குல டெர்மினல் வாசல்ல பெட்டிய போர்ட்டர் கிட்ட குடுத்துடுவோம், அது மத்த பெட்டிங்களோட அடுக்கி வெச்சு, கப்பல்ல ஏத்தி, தளம் தளமா பிரிச்சு நம்ம ரூம் வாசலுக்கு வரும்போது சாயங்காலம் ஆயிடும். அவ்வளவு நேரமும் உள்ள இருக்கற துணி மேல துணி அழுந்திக்கிட்டே கிடக்கும். டைனிங் ஹால்ல முதல் பேட்ச் சாப்பாடு அஞ்சரை வாக்குல, ரெண்டாவது பேட்ச் எட்டு மணி வாக்குல. பெட்டி வந்து, திறந்து, குளிச்சு, புள்ளைங்கள ரெடி பண்ணி, இதுக்கு நடுவுலதான் சட்டை நேராகணும். புக்கெட் மாதிரி ஊர்ல இறங்கி சுத்திட்டு வந்தாலும் இதே கதைதான், வேர்த்து விறுவிறுத்து நாலு மணிக்கு மேல கப்பல் ஏறுவோம், கொஞ்ச நேரத்துல டின்னர். லாண்டரிக்குக் குடுத்தா சாதாரணமா அடுத்த நாள்தான் வரும், அவசரம்னா கூடுதல் காசு. ஸ்ப்ரே அடிச்சு இழுத்து விட்ட சட்டை அரை மணில போட்டுக்கற பதத்துக்கு வந்துடும், ஏசி ரூம்ல காத்து காய்ஞ்சு இருக்கறதால இன்னும் சீக்கிரம். இந்த ஒரு கணக்குல மத்த மூணும் தோத்துடுது.

ஸ்ப்ரேல மந்திரம் ஒண்ணும் இல்ல. தெருமுனைல இஸ்திரி வண்டிக்காரர் தேய்க்கறதுக்கு முன்னாடி கைல தண்ணி அள்ளி தெளிப்பாரே, வேலைல பாதி அதுதான். பருத்தி நூலுக்குள்ள இருக்கற செல்லுலோஸ் இழைங்கள பிடிச்சு வெச்சிருக்கற ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணி பட்டா விட்டுக்கொடுக்கும், காயும்போது துணி எந்த வாக்குல இருக்கோ அந்த வாக்குல திரும்பப் பிடிச்சுக்கும். மடங்கிக் காஞ்சா மடிப்பு, நேரா காஞ்சா நேர். கடைல விக்கற ஸ்ப்ரேல தண்ணியோட கொஞ்சம் சிலிக்கோனும் சேத்திருப்பாங்க, இழை ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி நகர்றதுக்கு. டவ்னி ரிங்கிள் ரிலீசர்னு அமெரிக்காக்காரங்க ரொம்ப நாளா வெச்சிருக்கறது இதுதான், அங்கேர்ந்து யாராவது வந்தா சின்ன பாட்டில் கேட்டு வாங்கிக்குங்க. இல்லன்னா வீட்லயே ஒரு டம்ளர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் கம்ஃபர்ட் (துணி துவைச்சதும் மெத்துன்னு இருக்க ஊத்தறது) கலந்து பூ மாதிரி அடிக்கற ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்திக்குங்க, தினசரி சட்டைக்கு இது தாராளம். கையோட எடுத்துட்டுப் போற பைல வெச்சா பிளேன்ல 100 மில்லிக்கு மேல பாட்டில் இருக்கக் கூடாது, அத மட்டும் பாத்துக்குங்க.

அடிக்கற விதத்துலதான் நிறைய பேர் சலிச்சுடறாங்க, லேசா ரெண்டு தடவ புஸ்ஸுன்னு அடிச்சுட்டு ஒண்ணும் ஆகலையேன்னு விட்டுடறாங்க. சட்டைய ஹேங்கர்ல மாட்டி மேல் பட்டன் போட்டுடுங்க, சுருக்கம் இருக்கற எடத்துல ஈரம் தெரியற அளவுக்கு அடிங்க, சொட்டக் கூடாது. அப்புறம் கீழ் விளிம்ப ரெண்டு கையால பிடிச்சு இழுங்க, பட்டன் பட்டைய மேலேர்ந்து கீழ வரைக்கும் விரலால நீவுங்க, கைய தனியா நீவுங்க, காலர உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு அழுத்துங்க. அப்படியே விட்டுட்டு குளிக்கப் போயிடலாம். காலர் முனை மட்டும் அடங்கலன்னா ஹேர் ஸ்ட்ரெய்ட்னர குறைஞ்ச சூட்டுல வெச்சு ஒரு இழு இழுத்தா போதும், அத கப்பல்ல அனுமதிக்கறாங்க. ஆனா துணி நல்லா காஞ்சப்புறம்தான், ஈரத்து மேல வெச்சா சுர்ருன்னு ஆவி அடிச்சு கைய சுட்டுடும்.

தொங்க விட எடம் தேடுவீங்க. ரூம் சுவரு பெரும்பாலும் இரும்புத் தகடுதான், காந்தம் வெச்ச ஹூக் நாலு வாங்கிட்டுப் போனா சும்மா பச்சுன்னு ஒட்டிக்கும், இது ரொம்ப உபயோகம். நிறைய கப்பல்ல குளிக்கற எடத்துல இழுத்து மாட்டற கொடிக் கயிறு இருக்கும். ஹேங்கர் பத்தலன்னா ரூம் பாத்துக்கறவர் கிட்ட கேட்டா கொண்டாந்து குடுப்பாரு. கூரைல நீட்டிட்டிருக்கற தீயணைப்பு ஸ்ப்ரிங்ளர்ல மட்டும் ஹேங்கர மாட்டிடாதீங்க, உடைஞ்சுதுன்னா ரூம் முழுக்க தண்ணி. பால்கனில காயப் போடறதும் வேண்டாம், கடல் காத்துல பறந்துடும், கப்பல்காரங்களும் விட மாட்டாங்க.

இப்ப கப்பல் லாண்டரி. அலமாரில பையும் ஃபாரமும் இருக்கும், எத்தன உருப்படின்னு எழுதி வெச்சா எடுத்துட்டுப் போய் தேய்ச்சு ஹேங்கர்ல மாட்டிக் கொண்டாந்து குடுப்பாங்க. வேலை சுத்தமா இருக்கும். ஆனா உருப்படிக்கு இவ்வளவுன்னு டாலர்ல கணக்கு, நாலு பேர் குடும்பத்துக்கு தினமும் குடுத்தா கட்டுப்படியாகாது. கோட்டு சூட்டுக்கு மட்டும் நான் இதையே சொல்வேன், கோட்டுக்குள்ள விறைப்புத் துணி வெச்சு தைச்சிருப்பாங்க, அதுல ஸ்ப்ரே அடிச்சு இழுக்கறது நல்லதில்ல. ஃபார்மல் நைட், அதாவது எல்லாரும் நல்லா டிரெஸ் பண்ணிக்கிட்டு டின்னருக்கு வர்ற ராத்திரி, என்னிக்குன்னு கப்பல் ஆப்லயே போட்டிருப்பாங்க, ஏறின அன்னிக்கே குடுத்துடுங்க, எல்லாரும் அதே நாள்தான் குடுப்பாங்க.

செல்ஃப் சர்வீஸ் ரூம் பிரின்சஸ் கம்பெனி கப்பல்கள்ல இருக்கு, குனார்ட் கம்பெனிக்காரங்களோட குயின் மேரி 2 கப்பல்ல வாஷிங் மெஷின் கூட இலவசம், அயர்ன் பாக்ஸும் பலகையும் அங்கயே இருக்கும். சிங்கப்பூர்லேர்ந்து நம்மாளுங்க அதிகம் போற ராயல் கரீபியன் கம்பெனி கப்பல்கள்ல இந்த ரூமே கிடையாது. இருக்கற கப்பல்ல போனா பருத்தி கட்டறவங்களுக்கு இத விட நல்ல வழி இல்ல, அத ஒத்துக்கறேன். ஃபார்மல் நைட் சாயங்காலம் அங்க வரிசை நிக்கும்ங்கறாங்க, நான் அந்த மாதிரி நீளமான பயணம் போனதில்ல, போயிட்டு வந்த ஒரு அக்கா காலைல டிபன் நேரத்துல போனா காலியா இருக்கும்னு சொன்னாங்க.

பாத்ரூம் ஆவி பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. வீட்டுக்கு சரி. கப்பல் பாத்ரூம்ல காத்த இழுக்கற ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும், ஆவி தங்கவே தங்காது, கடல் தண்ணிலேர்ந்து கஷ்டப்பட்டு எடுக்கற நல்ல தண்ணிய இதுக்காக திறந்து விடறதும் எனக்கு மனசு வரல.

சேலைக்கு வர்றேன், ஏன்னா இங்கதான் ஸ்ப்ரே எனக்கும் கை குடுக்காது. பட்டு மேல தண்ணி பட்டா வட்டம் வட்டமா கறை நிக்கும், ஜரிகை இருக்கற சேலைல கம்ஃபர்ட் தண்ணி அடிச்சுப் பாக்க எனக்கு தைரியம் இல்ல, நீங்களும் பண்ணாதீங்க. கஞ்சி போட்ட காட்டன் சேலைல ஸ்ப்ரே அடிச்சா அந்த எடம் மட்டும் தொளதொளன்னு ஆயிடும். இதுக்கு இப்ப நம்ம ஊர்லயே அருமையான வழி வந்திருக்கு, ப்ரீ ப்ளீட்டிங், பாக்ஸ் ஃபோல்டிங். முந்தானை மடிப்பு, கொசுவம் எல்லாத்தையும் எடுத்து தேய்ச்சு, கிளிப் குத்தி, பெட்டி மாதிரி சதுரமா மடிச்சு குடுத்துடறாங்க. ப்யூட்டி பார்லர்லயும் பண்றாங்க, வீட்லேர்ந்தே பண்ற பெண்கள் தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க. கப்பலுக்கு இத விடப் பொருத்தமா ஒண்ணு இருக்க முடியாது, மடிப்பு எல்லாம் நாம வேணும்னு வெச்ச மடிப்பு, பெட்டில அழுந்தினா இன்னும் நல்லா படியும். சேலை கவர்ல போட்டு பெட்டியோட மேல் அடுக்குல, படுத்த வாக்குல வைங்க. எடுத்தா பத்து நிமிஷத்துல கட்டி முடிச்சிடலாம், கப்பல் லேசா ஆடிக்கிட்டிருக்கும்போது குட்டி பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு கொசுவம் பிடிக்கற வேலை மிச்சம். ஒரு பட்டு இப்படி பண்ணி எடுத்துக்குங்க, மத்த நாளைக்கு ஜார்ஜெட், கிரேப் போதும். பாலியஸ்டர் கலந்த துணில சுருக்கம் நிலைக்கணும்னா எழுபது டிகிரி வாக்குல சூடு வேணும், பெட்டிக்குள்ள அந்த சூடு வராது, அதனால எடுத்து உதறினாலே முக்கால்வாசி போயிடும்.

ஆம்பளைங்களுக்கு வேட்டி கவலையே இல்ல, மடிப்புக் கோடு தெரிஞ்சாதான் அழகு. லினன் சட்டைய தவிர்த்துடச் சொல்லுங்க, ஸ்ப்ரே அடிச்சு நேராக்கினாலும் லிஃப்ட்ல இறங்கி சாப்பாட்டு டேபிள் போறதுக்குள்ள முழங்கைல மறுபடி கசங்கிடும். காட்டனோட பாலியஸ்டர் கலந்த சட்டைதான் ஸ்ப்ரேக்கு ரொம்ப நல்லா மசியுது.

எந்த வழில போனாலும் பெட்டி அடுக்கறதுலயே பாதி முடிஞ்சிடணும். ட்ரை கிளீனிங் கடைல குடுக்கற மெல்லிசு பிளாஸ்டிக் கவர தூக்கிப் போடாதீங்க, ஒவ்வொரு சட்டையும் ஒரு கவருக்குள்ள போட்டு மடிச்சா துணியும் துணியும் உரசாம வழுக்கிக்கிட்டு நகரும், மடிப்பு ஒரே எடத்துல ஆழமா விழாது. டி-ஷர்ட், நைட்டி, புள்ளைங்க டிரெஸ் எல்லாம் சுருட்டி வெச்சுக்கலாம். காத்த உறிஞ்சற வாக்யூம் கவர் எடம் மிச்சம் பண்ணும், ஆனா தேய்ச்ச துணிக்கு எமன். முதல் நாள் ராத்திரி சிங்கப்பூர்ல ஹோட்டல்ல தங்கறீங்கன்னா அங்க அயர்ன் பாக்ஸ் இருக்கும், முதல் டின்னர் டிரெஸ்ஸையும் ஃபார்மல் நைட் சட்டையையும் அங்கயே தேய்ச்சு கையோட எடுத்துட்டுப் போற பைல வெச்சிடுங்க. அப்ப பெரிய பெட்டி எத்தன மணிக்கு வந்தா என்ன.

மூணு நாலு ராத்திரி பயணத்துக்கு நான் சொன்ன ஸ்ப்ரே, காந்த ஹூக், ஒரு பாக்ஸ் ஃபோல்டிங் சேலை, கோட்டுக்கு மட்டும் கப்பல் லாண்டரி, இது போதும். ரெண்டு வாரம் மூணு வாரம்னு போறவங்களுக்கு துவைக்கவும் வேண்டி வரும், அவங்க கப்பல் புக் பண்ணும்போதே செல்ஃப் சர்வீஸ் ரூம் இருக்கான்னு கேட்டுட்டு பணம் கட்டறது நல்லது. கடைசி ராத்திரி பெட்டிய ரூம் வாசல்ல வெச்சிடச் சொல்வாங்க, காலைல இறங்கித்தான் திரும்பக் கைக்கு வரும், அதனால மறுநாள் போட வேண்டிய டிரெஸ் ஹேங்கர்லயே இருக்கட்டும், ஸ்ப்ரே பாட்டில மூடி டைட்டா திருகி ஜிப்லாக் கவர்ல போட்டு பெட்டில வெச்சிடுங்க.