கஜாவுக்குப் பிந்தைய மெஸ்: பணியாரமும் பவர் பாக்ஸும்

திருமயம் வட்டத்தில் எங்கள் ஊர்க் கடைவீதியில் ஐந்து மேசைகளோடு நடக்கும் ஒரு மெஸ்ஸைப் பற்றி எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் போகப்போக விளங்கும். செட்டிநாடு என்றதும் நேரே காரைக்குடிக்கு வண்டி ஏறுகிறவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பக்கம் இருக்கும் ராயவரம், அரிமளம், கோனாபட்டு போன்ற ஊர்களில் இறங்குவது குறைவு. ஆகவே இந்த மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்களும், கொத்தனார்களும், பழைய வீடுகளின் நிலைக்கதவுகளை விலை பேச வரும் வியாபாரிகளும்தான். நான் பத்தாண்டுகளுக்கு மேலாக அங்கே சாப்பிடுகிறேன் என்றாலும், அந்த மெஸ் எனக்கு உண்மையில் பயன்பட்டது 2018 நவம்பரில்தான்.

அந்த மாதம் 16ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், கடலோரத்தோடு அடங்காமல் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊடாக மேற்கே போனது. டெல்டாவிலும் எங்கள் மாவட்டத்திலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப 11 நாள் ஆயிற்று. எங்கள் வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீடு. நாட்டு ஓடு பறந்து இரண்டாங்கட்டு முழுவதும் ஒழுகியதால், எல்லாக் குடும்பங்களும் வீட்டின் முன்பகுதியான முகப்பிலும் பட்டாலையிலும் பாய் விரித்துப் படுத்தோம். முப்பத்தோரு வயதில் ஒற்றை ஆளாக இருக்கும் ஒருவனுக்கு அந்த நாட்களில் பெரியப்பா மகன்களுக்கு நடுவே புரண்டு படுப்பதைத் தவிரத் தனிமை என்று எதுவும் இல்லை. எனக்கோ தனிமை கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது, ஏனெனில் நான் தன்பாலீர்ப்புள்ளவன். அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

கைப்பேசிக்கு மின்னேற்றுவதே அப்போது பெரும்பாடாக இருந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் போனுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, முப்பது நாற்பது போன்களைப் பலகையில் வரிசையாக அடுக்கிச் சார்ஜ் போட்டுத் தந்தார்கள். கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வர வேண்டும். மற்றவர்களுக்கு அது வெறும் காத்திருப்பு. எனக்கு, சிக்னல் திடீரென்று உயிர்பெற்று, எவனோ ஒருவன் அனுப்பிய செய்தி கடைக்காரர் கண்ணெதிரே திரையில் முளைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை. முதல்முறை போனைக் கொடுப்பதற்கு முன் டேட்டிங் செயலியை அழித்துவிட்டேன். டவர் இல்லாததால் அதை மீண்டும் இறக்கிக்கொள்ளவும் வழியில்லை. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தளர்த்தி, ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயது வந்தோர் மனமொப்பிய உறவு குற்றமில்லை என்று சொன்னது அந்த ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி. புயல் வந்தது அதற்கு 71 நாள் கழித்து. தீர்ப்புச் செய்தியை இதே மெஸ்ஸின் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். முதலாளி அண்ணன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "தம்பிக்கு ரசமா, மோரா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் மெஸ்ஸின் முதல் சிறப்பைச் சொல்ல வேண்டும். அண்ணன் வாடகை ஜெனரேட்டர் ஒன்றைப் பிடித்து, ஒரு பவர் பாக்ஸைச் சுவரோர மேசைக்கு அடியில் வைத்திருந்தார். சாப்பிட வருகிறவர்கள் தாங்களே செருகிக்கொள்ளலாம், போன் கண்ணெதிரிலேயே இருக்கும், காசு கிடையாது. நான் மூன்று வேளையும் அங்கே சாப்பிடத் தொடங்கியதற்குக் காரணம் ருசி அல்ல, அந்தப் பெட்டிதான்.

ஆனால் ருசியும் அப்போது உச்சத்தில் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிரைண்டரும் மிக்ஸியும் ஓடாததால், பின்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லையும் அம்மியையும் கழுவி வேலைக்கு எடுத்தார்கள். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியும் உளுந்தும் வெண்ணெயாக அரைபட வேண்டும். கல்லில் ஆட்டிய மாவு எண்ணெயில் விழுந்ததும் ஓரம் மட்டும் முறுகி, நடுவில் பஞ்சாக எழும்பி வந்தது. தொட்டுக்கொள்ள அம்மியில் அரைத்த வரமிளகாய்த் துவையல். அதில் மிளகாய் விதை நாக்கில் தட்டுப்படும். அந்த நெருடலை எந்த மிக்ஸியும் தராது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் படகுகள் சேதமாகிக் கடல் மீன் வரவில்லை என்பதால் நண்டும் மீனும் பட்டியலில் இல்லை. அதற்கு ஈடாகக் கருவாட்டுக் குழம்பும், அரிசி கழுவிய நீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியும் வந்தன. மண்டி மறுநாளும் கெடாது என்பதால் அது அந்த நாட்களுக்கென்றே பிறந்த பண்டம் போல இருந்தது. வாழைத்தோப்புகள் படுத்துவிட்டதால் இலைக்கு மந்தாரைத் தையல் இலை. சூடான சோறு விழுந்ததும் அதிலிருந்து எழும் மணம் எனக்குப் பிடிக்கும். உப்புக்கறி மட்டும் சுமார்தான். சின்ன வெங்காயம் விலை ஏறியதென்று பெரிய வெங்காயத்தை வதக்கிப் போட்டார்கள், கறி இனித்தது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, இரவு எட்டு மணிக்கு டவர் உயிர்பெற்றது. முந்தின நாள்தான் ஒரு அசட்டுத் துணிச்சலில், காரைக்குடிக்குப் போயிருந்தபோது அங்கே கிடைத்த சிக்னலில் செயலியை மறுபடி இறக்கியிருந்தேன். பவர் பாக்ஸில் அப்போது இருந்தவை இரண்டே போன்கள். இரண்டும் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன. இரண்டிலிருந்தும் ஒரே ஒலி, ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. அந்தச் செயலியின் ஒலி, அறிந்தவர்களுக்கு மட்டும் விளங்கும். எதிரில் இருந்தவர், கம்பம் நட வந்திருந்த ஒப்பந்தத் தொழிலாளர் குழுவைச் சேர்ந்தவர், பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தார்.

"உங்களதுங்களா, என்னதுங்களா?"

"ரெண்டும் நம்மளதுதான்" என்றேன். வேறு என்ன சொல்ல என்று தெரியவில்லை.

அவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அவருடைய குழுவினர் நாற்பது பேரும் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். எனக்கு வளவு வீடு. செயலியில் ஒருவருக்கொருவர் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறோம் என்பது தெரிந்தது, ஆனால் அந்த மீட்டர்களைக் கடந்து போய் உட்கார இந்தச் சுவரோர மேசையைத் தவிர வேறு இடமில்லை. மறுநாளே டவர் மறுபடி படுத்துவிட்டதால், "நாளைக்கு எட்டு மணிக்கு, இதே மேசை" என்று வாயால் சொல்லிவைத்துக்கொண்டோம். சொன்ன நேரத்துக்கு அவர் வராத நாளில், கம்பத்தில் வேலை முடியவில்லையா, என்மேல் மனமில்லையா என்று அறிய வழியே இல்லாமல் மூன்று தட்டு பணியாரம் தின்று தீர்த்திருக்கிறேன். மெஸ்ஸின் இரண்டாவது சிறப்பு, அந்த மூன்று வாரங்களில் யாரும் எங்களை எழுப்பிவிடவில்லை என்பது. கம்பம் நடுகிறவருக்கு ஊரே கடன்பட்டிருந்தது. அவர் பக்கத்தில் எவன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் அது விருந்தோம்பலாகத்தான் தெரிந்தது. ஆணும் பெண்ணும் விடுதியில் அறை கேட்டால் ஆயிரம் கேள்வி வரும், இரண்டு ஆண்கள் கேட்டால் ஒரு கேள்வியும் வராது. அந்தச் சலுகையைப் பின்னாளில் நாங்கள் திருச்சியில் பயன்படுத்திக்கொண்டோம் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

இனி இன்றைய நிலவரம். சாப்பாடு அப்போது 80 ரூபாய், இப்போது 130. கிரைண்டரும் மிக்ஸியும் திரும்பிவிட்டன. துவையல் மைபோல வருகிறது, அதில் உயிரில்லை. உப்புக்கறியில் சின்ன வெங்காயம் வந்துவிட்டது, அது பெரிய முன்னேற்றம். நண்டுக் குழம்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் உண்டு, நம்பிக் கேட்கலாம். பரிமாறும் வேகமும் சுத்தமும் குறை சொல்ல முடியாதவை.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. அண்ணன் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு வரன் சொல்கிறார். நகரத்தாரில் ஆண் ஒருவன் மணமானால்தான் கோயில் கணக்கில் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுபவன், ஆவான். நாற்பதை நெருங்கியும் நான் இன்னும் புள்ளியாகவில்லை என்பது என்னைவிட அவரைத்தான் வருத்துகிறது. "தேவகோட்டைப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு தம்பி, ஆச்சிகிட்ட சொல்லட்டுமா?" என்று சாம்பார் வாளியோடு நின்று கேட்பார், பதில் சொல்லும்வரை சாம்பார் இலைக்கு வராது. தனியாகச் சாப்பிட வரும் மணமாகாதவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு போகவும்.

ஈரோட்டுக்காரர் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை திருச்சியில் பேருந்து மாறி வருகிறார். வீட்டில் அவர் "கஜா சமயத்தில் பழக்கமான லைன்மேன்". எங்களைச் சேர்த்துப் பார்க்கும் நாட்களில் மட்டும் அண்ணன் வரன் பேச்சை எடுப்பதில்லை. தெரிந்துதான் விடுகிறாரா, விருந்தாளியின் முன் வீட்டு விஷயம் வேண்டாமென்று விடுகிறாரா என்று நாங்கள் கேட்டதில்லை. ஈரோட்டுக்காரர் வரும் நாட்களில் முன்கூட்டியே சொல்லிவைத்தால், கூடுதலாக நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு துவையலை அம்மியில் அரைத்துத் தருகிறார்கள். மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். பணியாரம் ஏழரைக்கு மேல் கிடைக்காது.