என் பெயரைச் சொல்லி எங்கள் வீட்டுக்கு டோக்கன் வாங்கிய ஆசாமி: வீடு விற்பவர்கள் கவனத்துக்கு

குரோம்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டை விற்கலாம் என்று ஒரு புரோக்கரிடம் சொல்லி வைத்திருந்தோம். வீடு இன்னும் விற்கவில்லை. ஆனால் 50,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் மனைவியோடு வந்து அம்மாவிடம் ரசீது கேட்டார். யாரிடம் கொடுத்தீர்கள் என்றால், "உங்க பையன்கிட்டதாம்மா" என்கிறார். அந்தப் பையன் நான்தான். பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அந்த மனிதரை நான் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை.

வயதான பெற்றோர் குடியிருக்கும் வீட்டை வெளியூரிலிருந்தபடி விற்க முயல்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புரோக்கர் முதல் நாளே வந்து செல்போனில் வீடியோ எடுத்தார். பிறகு, லோன் போடும் பார்ட்டி என்றால் வங்கி வக்கீல் பார்க்க வேண்டும் என்று சொல்லி பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, அம்மாவின் ஆதார் என்று ஒரு செட் ஜெராக்ஸ் வாங்கிப் போனார். இரண்டுமே ஊரில் எல்லாப் புரோக்கர்களும் கேட்பதுதான். ஆனால் இவர் அந்த செட்டை ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் ஆக்கி, வீடியோவையும் சேர்த்து புரோக்கர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார். கீழே ஒரு வரி: "ஓனர் பையன் பெங்களூர். அம்மா மட்டும் வீட்டில். எப்ப வேணா பாக்கலாம். அர்ஜென்ட் சேல்."

இந்த வரியைப் படித்தபோது எனக்குப் பணம், டோக்கன் எல்லாம் மறந்துபோனது. வயதான ஒரு பெண் தனியாக இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்கு அறிவித்திருக்கிறார். வீடியோவும் அப்படித்தான். வாசலில் அப்பாவின் பெயர்ப்பலகை, ஹாலில் என் பட்டமளிப்பு விழா போட்டோ, ஃப்ரிட்ஜ் மேல் அம்மாவின் மாத்திரை டப்பா, பீரோ இருக்கும் அறை, பின்கதவின் தாழ்ப்பாள் உட்பட எல்லாம் நிதானமாக ஓடுகிறது. வாங்க வருகிறவருக்குச் சுவரும் தரையும் தண்ணீர் வசதியும் தெரிந்தால் போதாதா?

எத்தனுக்கு இவ்வளவும் தாராளம். அந்தத் தம்பதிக்கு போன் செய்து, தன்னை என் பெயரால் அறிமுகம் செய்துகொண்டிருக்கிறான். "புரோக்கரோடு போய் வீட்டைப் பாருங்கள். அம்மாவிடம் மட்டும் பணப் பேச்சு எடுக்காதீர்கள், வீட்டை விற்பதில் அவர்களுக்கு மனசில்லை, அழுதுவிடுவார்கள்" என்று கேட்டுக்கொண்டானாம். அவர்களும் ஒரு துணைப் புரோக்கரோடு வந்து பார்த்தார்கள். அம்மா காபி கொடுத்திருக்கிறார். வீடு உண்மை, அம்மா உண்மை, சுவரில் மகனின் போட்டோ உண்மை, கையில் இருக்கும் பத்திர நகலும் உண்மை. யாருக்குத்தான் சந்தேகம் வரும்? யுபிஐ-யில் பணம் போடும்போது வேறு பெயர் காட்டியிருக்கிறது. கேட்டதற்கு, ஆடிட்டர் சொன்னதால் நண்பர் கணக்கில் வாங்குவதாகப் பதில். வாங்குபவர்கள் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பத்திரத்தில் இருக்கும் உரிமையாளரின் கணக்கைத் தவிர வேறெங்கும் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

புரோக்கரிடம் கேட்டேன். "சார், நாலு குரூப்ல போட்டாத்தான் சார் நாலு பார்ட்டி வரும். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்றார். அழிக்கச் சொன்னால், மற்றவர்கள் ஃபார்வர்ட் செய்ததற்குத் தான் என்ன செய்ய முடியும் என்கிறார். அதுவும் உண்மைதான், எரிச்சலே அதில்தான். 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி முகவர்கள் பதிவு செய்ய வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். அந்தக் கட்டாயம் பதிவுபெற்ற புதிய திட்டங்களில் விற்றுத் தருபவர்களுக்குத்தான். பழைய தனி வீட்டை விற்றுத் தருபவருக்குப் பலகையும் தேவையில்லை, பதிவு எண்ணும் தேவையில்லை.

போலீஸில் அம்மா பெயரில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறோம். பணத்தை இழந்தவர் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறார். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வரும், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழைத்திருந்தால் போன பணத்தைக் கணக்கிலேயே முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். விஷயம் தெரிவதற்குள் பல நாள் ஓடிவிட்டதால் கணக்கைத் துடைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில், வக்கீல் மூலம் நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுத்தோம், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மனுவும் கொடுத்து வைத்தோம். நகல் வெளியே போனபின் யாராவது போலிப் பவர் பத்திரத்தோடு போய் நின்றால்? வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்பதால் அவ்வப்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் புரோக்கரை நிறுத்திவிட்டோம். விற்பனை நிற்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர் முதலில் என்னிடம் பேச வேண்டும். பெயரும் எண்ணும் வாங்கிக்கொண்டு, எதிர்வீட்டு அக்காவோ என் சித்தப்பாவோ வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொல்கிறேன். போட்டோக்களை நானே எடுத்து, பெயர்ப்பலகையும் குடும்பப் படங்களும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும், சாதாரணப் படமாக அனுப்பினால் போகாது. பத்திரத்தைப் பொறுத்தவரை, முதலில் சர்வே எண்ணும் பத்திர எண்ணும் மட்டும் கொடுக்கிறேன். வில்லங்கத்தையும் பட்டாவையும் அவர்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். விலை பேசி முடித்தபின்தான் முழு செட். அதிலும் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கே "இன்னாருக்கு, வங்கிக் கடனுக்கு மட்டும்" என்று தேதியோடு பெரிதாக எழுதிவிடுகிறோம். நாளைக்கு அந்த நகல் எங்காவது சுற்றினால் யாரிடமிருந்து போனது என்று தெரியும். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம்.

கியூஆர் கோடு கூட்டம் இதற்கு நடுவே தனியாக வந்தது. தான் ராணுவத்தில் இருப்பதாகவும் சென்னைக்கு மாற்றல் என்றும் சொல்லி, அடையாள அட்டைப் படம் அனுப்பி, வீட்டைப் பார்க்காமலேயே அட்வான்ஸ் தருகிறேன் என்பான். தான் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போட்டால் பணம் வரும் என்பான். பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது. யுபிஐ-யில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியைத் தனிநபர்களுக்கிடையே 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் கியூஆர் கோடு அப்படியே இருக்கிறது.

கைரேகை விஷயமும் ஒன்று உண்டு. பத்திரப்பதிவு இணையதளங்களிலிருந்த நகல்களில் பதிந்த ரேகையை அச்செடுத்து, ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் 2023-இல் வெளிமாநிலங்களில் வந்தன. அம்மாவின் ஆதார் ரேகையை ஆதார் ஆணையத்தின் செயலியில் பூட்டி வைத்திருக்கிறேன். பதிவுக்குப் போகும் நாளில் திறந்துகொண்டு, வேலை முடிந்ததும் அங்கேயே மறுபடி பூட்டிவிடலாம்.