சொந்த டப்பாவுக்குப் பருப்பு போடுற காரைக்குடி மளிகைக் கடை: என்னோட ரிவ்யூ

காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம், கொப்புடையம்மன் கோயில்ல இருந்து நடந்து போற தூரந்தான். போர்டுல பெயின்ட் உதிர்ந்து பேரு பாதிதான் தெரியும், ஆனா அந்தத் தெருவுல யாரக் கேட்டாலும் "சொந்த டப்பாவுக்குப் போடுற கடையா, நேரா போயி எடது பக்கம்"னு கை காட்டிருவாங்க. எங்க வீட்டு மாசச் சாமான் முழுக்க இப்ப இங்கதான். வீட்டுக் குப்பையில பிளாஸ்டிக் கவரு குறையணும்னு நெனைக்கிறவங்களுக்கு செட்டிநாட்டுப் பக்கம் இதவிடத் தோதான கடை நான் பாக்கல, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

மத்த கடையிலயும் டப்பா கொண்டு போனா போட்டுத் தரத்தான் செய்வாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா டப்பாவ எடுத்து நீட்டுனதும் கடைப் பையன் மொகம் மாறும், பின்னாடி நிக்கிறவங்க நெளிவாங்க, டப்பா எடையக் கழிச்சாங்களா இல்லையான்னு நமக்கும் ஒரு சந்தேகம். ரெண்டு தடவ அப்படி ஆனா மூணாவது தடவ "பரவால்ல அண்ணே கவர்லயே குடுங்க"ன்னு வாய் தானா சொல்லிரும். பழக்கம் அங்கதான் அறுந்து போகுது.

இந்தக் கடையில அதுக்கு ஒரு வழி பண்ணி வச்சிருக்காங்க. மொத தடவ டப்பா கொண்டு போறப்ப காலியா தராசுல வச்சு, அந்த எடைய டப்பா அடியில பெயின்ட் மார்க்கர்ல எழுதிருவாங்க. நம்ம வீட்டுப் பாத்திரத்துல எல்லாம் பேரு வெட்டியிருக்கும்ல, அதுக்குப் பக்கத்துலயே இப்ப 340, 515ன்னு கிராம் கணக்கும் இருக்கு. அடுத்த தடவை போனா டப்பாவத் திருப்பிப் பாத்து, தராசுல அந்த எடையக் கழிச்சுட்டு நேரா போட்டுருவாங்க, கவர்ல கட்டிக் குடுக்குறத விட சீக்கிரமா முடியுது, சந்தேகத்துக்கும் எடமில்ல. இவ்வளவு சின்ன ஏற்பாடு, ஆனா இந்தக் கடை ஓடுறதுக்கு இதான் காரணம்னு நான் நம்புறேன். வாங்குறவங்க மட்டும் பழக்கத்த மாத்தணும்னு சொல்லிச் சொல்லி எதுவும் நடக்காது, கடைக்காரரும் பாதி வேலைய ஏத்துக்கணும்.

டப்பாவுக்கு எங்க போறதுன்னு நம்ம ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க. கல்யாணச் சீர்ல வந்த எவர்சில்வர் தூக்கும் சம்படமும் முக்காவாசி வீட்டுல உக்கிராணத்துல அடுக்கு அடுக்கா தூங்குது. அதுவும் இல்லாதவங்க முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல ஒரு சுத்து சுத்தினா எனாமல் தூக்கு, அடுக்கு, பித்தளை டப்பான்னு கிடைக்கும், வெளியூர்க்காரங்க ஷோகேஸ்ல வைக்கத் தேடி வாங்குறத நாம பருப்புக்கு வைக்கலாம். ஆனா ஒண்ணு, எனாமல் உதிர்ந்து உள்ள இரும்பு தெரியுற பாத்திரத்துல புளி, ஊறுகாய் மாதிரி புளிப்பு எதுவும் வைக்காதீங்க. அதுக்கு ஜாடிதான்.

சாமான் தரம் நல்லாருக்கு. துவரம்பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு, கடலப்பருப்பு, வரமிளகாய், மல்லி, சீரகம், கல் உப்பு, சீயக்காத்தூள், தேங்கா நார் வரைக்கும் லூஸ்ல இருக்கு. கருப்பு கவுனி எப்பவும் இருக்கும், கவுனி அரிசி இல்லாம செட்டிநாட்டுல எந்த விசேஷம் நடக்குது. புழுங்கலரிசி புதுவயல் மில்லுல இருந்து வருது. அரிசி மூட்டையும் இப்பல்லாம் பிளாஸ்டிக் சாக்குதான், சணல் சாக்கு ஏறக்குறைய போயிருச்சு, ஆனா இங்க நம்ம அரிசிய நம்ம பாத்திரத்துல கொட்டிக்கிட்டு சாக்க அங்கயே விட்டுட்டு வந்துரலாம், அவங்க மறுபடி மில்லுக்கே அனுப்புறாங்க. விலை பாக்கெட் சரக்க விடக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, மிளகு ஏலக்காய்ல மட்டும் பெரிய வித்தியாசம் தெரியல.

லூஸ்ல வாங்குனா வண்டு வருமேன்னு கேப்பீங்க. வரும்தான். பாக்கெட்டப் பிரிச்சு டப்பாவுல கொட்டினாலும் வரத்தான் செய்யுது. துவரம்பருப்ப ஒரு நாள் வெயில்ல காயப் போட்டு லேசா விளக்கெண்ணெய் தடவி வச்சா மாசக்கணக்குல தாங்கும், அரிசியில காஞ்ச வேப்பிலையும் ரெண்டு துண்டு வசம்பும் போட்டுட்டா போதும், இதெல்லாம் நம்ம வீட்டு ஆச்சிமாருக்குத் தெரிஞ்ச கணக்குத்தான். அதோட மூணு மாசத்துக்குச் சேத்து வாங்காம மாசத்துக்கு மட்டும் வாங்குங்க.

எண்ணெய் பத்தித் தனியாச் சொல்லணும். இந்தக் கடையில லூஸ் எண்ணெய் கிடையாது, கேட்டாலும் தர மாட்டாங்க, ஏன்னா சமையல் எண்ணெய பாக்கிங் இல்லாம விக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கு, கலப்படத்தத் தடுக்க. அந்த விஷயத்துல அவங்க சரியா இருக்குறது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அதுக்கும் வழி சொல்லிக் குடுத்தாங்க. கடலையும் எள்ளும் இவங்ககிட்ட கிலோ கணக்குல வாங்கி, பக்கத்துத் தெரு மரச்செக்குல கூலி குடுத்து ஆட்டி நம்ம தூக்குலயே வாங்கிட்டு வந்துரலாம். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குக் குறைஞ்சது ரெண்டே கால்ல இருந்து ரெண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேணும், எள்ளு ஆட்டுறப்பச் சேக்குறதுக்குக் கருப்பட்டி தனியா எடுத்துட்டுப் போகணும். ஆட்டுன எண்ணெய ஒண்ணு ரெண்டு நாள் தெளிய வச்சு மேலாக வடிச்சு எடுத்துக்கங்க. கணக்குப் போட்டா பாக்கெட் எண்ணெய விட விலை கூடத்தான் ஆகும், புண்ணாக்க மாடு வச்சிருக்கவங்களுக்குக் குடுத்தாக் கொஞ்சம் ஈடு கட்டும். வாசத்துக்கும் ருசிக்கும் அந்தக் காசு தகும்னு நான் சொல்வேன், எல்லாராலயும் முடியாதுன்னும் தெரியும்.

இப்பக் குறைகள். மொதக் குறை, கடை வாசல்லயே சரஞ்சரமா ஷாம்பு சாஷே, ஊறுகாய் சாஷே, சிப்ஸ் பாக்கெட் தொங்குது. ஒரு பக்கம் டப்பாவுக்குப் பருப்பு, இன்னொரு பக்கம் இது. குப்பைன்னு பாத்தா இதுதான் ரொம்ப மோசமான ரகம், ஏன்னா பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்கா ஒட்டியிருக்கு, பிரிக்க முடியாது, பாட்டில எடுக்குற காயிலாங்கடைக்காரர் கூட இதத் தொட மாட்டார், கடைசியில வாறுகால்லயும் ஊருணிக்கு மழத்தண்ணி வர்ற கால்லயும்தான் போயி அடையுது. மழத்தண்ணியச் சேத்து வைக்கிறதுக்குன்னே ஊருக்கு ஊரு ஊருணி வெட்டி வச்ச பக்கம் நம்மது, அந்த வரத்துக்கால்ல சாஷே அடைச்சுக் கெடக்குறத பாத்தா எனக்கு மனசு ஆறல. கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டேன். "கூலி வேலைக்குப் போறவங்க பத்து ரூவாயோட வர்றாங்கம்மா, பெரிய பாட்டில அவங்க எப்படி வாங்குவாங்க, இத எடுத்துட்டா அவங்க வேற கடைக்குப் போயிருவாங்க"ன்னாரு. நியாயந்தான், மறுக்க முடியல. சீயக்காத்தூளையும் அஞ்சு ரூவா பொட்டலமா மடிச்சு அதுக்குப் பக்கத்துல வைங்கண்ணேன்னு சொல்லிட்டு வந்தேன், இப்ப வைக்கிறாங்க, போகுதாம்.

ரெண்டாவது, டப்பா இல்லாம வர்றவங்களுக்கு நியூஸ்பேப்பர்ல பொட்டலம் மடிக்கிறாங்க. முழு மிளகு, கல் உப்புன்னா கூடப் பரவால்ல, வெல்லத்தையும் வறுத்த கடலையையும் அச்சு மை தாள்ல மடிக்கிறது எனக்கு ஒப்பல, உணவுப் பாதுகாப்பு ஆணையமே சாப்பாட்டுப் பொருள நியூஸ்பேப்பர்ல மடிக்காதீங்கன்னு பல தடவ சொல்லியிருக்கு. காக்கித் தாளுக்கு மாறணும். இந்த ஒண்ணுக்காகவே ஒரு ஸ்டார் கொறைக்கிறேன்.

மூணாவது, மாசப் பொறப்புல போனா கூட்டம் தாங்காது, ஒக்கார எடமும் இல்ல, வயசானவங்கள அழச்சுட்டுப் போறவங்க பாத்துக்கங்க.

பை விஷயத்துல கடை ரொம்பக் கறார். கேரி பேக் கேட்டா கிடையாதுதான். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து ஒரு தடவ பயன்படுத்தித் தூக்கிப் போடுற 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு இயக்கமும் ஆரம்பிச்சாங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், ஆனா கடைத்தெருவுல பாதிப் பேரு கையில இன்னும் அந்த மெல்லிசுக் கவருதான். இன்னொரு ஏமாத்து வேலை, துணிப்பை மாதிரியே கலர் கலரா வர்ற பை. தொட்டுப் பாத்தா துணி மாதிரி இருக்கும், ஆனா அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்தான், அந்த 14 வகையில அதுவும் உண்டு. கண்டுபிடிக்கிறது சுலபம், பையில சின்னச் சின்னப் புள்ளி அழுத்தின மாதிரி இருக்கும், ஓரத்துல நூலப் பிரிச்சு இழுத்துப் பாருங்க, நெசவு இழையே இருக்காது. இந்தக் கடையில நெசவுத் துணியில தச்ச மஞ்சப்பை விக்கிறாங்க, திருப்பிக் குடுத்தா காசும் திருப்பித் தர்றாங்க, பிஞ்சு போகாம இருந்தாப் போதும்.

கடையில ஒரு மூலையில கொட்டானும், அதாவது பனையோலையில முடைஞ்ச கூடையும் வச்சிருக்காங்க. நம்ம ஊரு கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கு, ஆனா அத வெத்தலபாக்குத் தட்டுலயும் சீர்வரிசையிலயும் மட்டுமே பாத்துப் பழகிட்டோம். நான் பெரிய கொட்டான்ல சின்ன வெங்காயம், இன்னொண்ணுல பூண்டு போட்டு வச்சிருக்கேன், காத்து போறதால பிளாஸ்டிக் கூடையில வச்சத விட நல்லாவே தாங்குது, அடியில அழுகி நாத்தம் வர்றது நின்னுருச்சு. தண்ணி மட்டும் படக் கூடாது, ஈரத்துணியில தொடச்சு வெயில்ல வைங்க, ஐப்பசி கார்த்திகை மழையில பூஞ்சை புடிக்கும், அந்த ரெண்டு மாசம் அடுப்படியில சூடு படுற எடத்துல வச்சுக்கலாம். விலை கொஞ்சம் கூடத்தான், ஓலை வாட்டி, கிழிச்சு, சாயம் போட்டு, கையால முடையுற வேலைக்கு அது ஒண்ணும் அதிகமில்ல, பேரம் பேசாதீங்க.

எங்க வீட்டுக் குப்பைக் கூடையில இப்ப என்ன மிச்சம் இருக்குன்னா பால் கவர், பிஸ்கட் கவர், மாத்திரை அட்டை, அப்பறம் பார்சல் சாப்பாடு வாங்குனா வர்ற சாம்பார் கவர். பால் கவர ஒரு ஓரமா மட்டும் வெட்டி, அந்தத் துண்டு தனியாப் பிஞ்சு விழாமப் பாத்து, கழுவிக் காய வச்சு சேத்தா எங்க பக்கத்துக் காயிலாங்கடையில எடுத்துக்குறாங்க. பார்சலுக்குத் தூக்கு எடுத்துட்டுப் போறோம், கொதிக்கக் கொதிக்க சாம்பார மெல்லிசுக் கவர்ல ஊத்தி நூல் சுத்துறத இனிமே என்னால பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாது. கறிக்கடைக்கும் அதே தூக்குதான், கறிக்கடை பாய் "இதான் அந்தக் காலத்துப் பழக்கம், நல்லது தாயி"ன்னு சந்தோசமா போட்டுக் குடுத்தாரு. பிஸ்கட்டுக்குப் பதிலா தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டைன்னு வீட்டுல பண்ணித் தகர டின்னுல வச்சா பிள்ளைக அதத்தான் எடுக்குதுக, வேலைக்குப் போற வீட்டுல அடிக்கடி முடியாது, ஆனா நம்ம ஊர்ல பலகாரம் பண்ணி விக்கிற வீடுகளுக்குப் பஞ்சமே இல்ல, அங்கயும் டின்னக் குடுத்தா நிரப்பித் தருவாங்க.

பணம் போன்லயே கட்டலாம், பில் வேணும்னா துண்டுச் சீட்டுல எழுதித் தருவாங்க. வீட்டுக்கு டெலிவரி உண்டு, மொத நாள் டப்பாவக் குடுத்துட்டு வந்தா மறுநாள் நிரப்பிச் சைக்கிள்ல கொண்டு வந்து தருவாங்க, ஊருக்குள்ள மட்டும், கோட்டையூர் பள்ளத்தூர்ப் பக்கமெல்லாம் வராது. மத்தியானம் மூணு மணியில இருந்து அஞ்சு மணிக்குள்ள போங்க, கூட்டம் இருக்காது, புதுசா டப்பா எடை போட்டு எழுதுறதுக்கும் அவங்களுக்கு நேரம் இருக்கும். டப்பா உள்ள ஈரம் இல்லாமத் தொடச்சுட்டுப் போங்க, ஈர டப்பாவா இருந்தா போட மாட்டாங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார், காக்கித் தாள் வந்துட்டா அந்த ஒண்ணையும் சேத்துருவேன்.