மாத்திரை, பம்ப், ஊசி: நரம்பில் பழுது உள்ள இளைஞருக்கு எது எடுபடும்?

விறைப்பு சரியாக வராமல், "நரம்பு வீக்கா இருக்கு சார்" என்று டாக்டரிடம் வரும் முப்பது வயதுக்காரர்களில் பலருக்கு நரம்பில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. சிலருக்கு நிஜமாகவே இருக்கிறது. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்தால் முதல் தரப்பு பெரும்பாலும் தேறிவிடும். இரண்டாவது தரப்பில் சிலருக்குப் பலனே இருக்காது. பிறகு அவர்கள் லாட்ஜில் அறை போட்டு வைத்தியம் பார்ப்பவர்களிடம் போய்ப் பணத்தைத் தொலைப்பார்கள்.

அதனால் எந்த வைத்தியம் உசத்தி என்று பார்ப்பதற்கு முன்னால், பழுது எங்கே என்று பார்க்க வேண்டும்.

பதற்றத்தால் வருவது திடீரென்று வரும், ஆளைப் பார்த்து வரும். தனியாக இருக்கும்போது சரியாக இருக்கும், மனைவியுடன் மட்டும் தவறும். தூக்கத்தில் கனவு வரும் கட்டங்களில் தானாக ஏற்படும் விறைப்பு, ஆரோக்கியமான இளைஞருக்கு ஒரு இரவில் மூன்று முதல் ஐந்து தடவை வரும். அதுவும் கெடாமல் இருக்கும். இதைக் கற்பனை என்று ஒதுக்கவும் கூடாது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆணுறுப்பின் உள்தசையை இறுக்கிவிடுவதால் ரத்தம் உள்ளே நிறைய முடியாமல் போகிறது.

நரம்பால் வருவது பெரும்பாலும் மெதுவாகக் குறையும், எல்லாச் சூழ்நிலையிலும் குறையும், கூடவே வேறு அறிகுறிகளையும் கூட்டி வரும். பாதத்தில் எரிச்சல், எழுந்து நின்றால் தலைசுற்றல், சிறுநீர் முழுதாகப் போகாத உணர்வு, உச்சம் வந்தும் விந்து வெளியே வராமல் போவது: பத்து வருடச் சர்க்கரை நோயாளி இதில் இரண்டு சொன்னாலே டாக்டர் நிமிர்ந்து உட்கார்வார். சிறு வயதிலேயே சர்க்கரை வந்தவருக்கு இருபதுகளின் கடைசியிலேயே இந்த நிலை வரலாம். மற்ற காரணங்கள் முதுகுத்தண்டு அடி, பைக் விபத்தில் இடுப்பெலும்பு முறிவு, மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நீண்ட நாள் குடி. சிறுவயதுச் சுய இன்பத்தால் நரம்பு கெட்டுவிடும் என்பது விளம்பரக்காரர்கள் கட்டிய கதை.

பரிசோதனை அறையில் ஒரு எளிய சோதனை உண்டு. கையுறை போட்ட ஒரு விரலை ஆசனவாயில் வைத்துக்கொண்டு, மறுகையால் ஆணுறுப்பின் நுனியை டாக்டர் லேசாக அழுத்துவார். ஆசனவாய்த் தசை சட்டென்று சுருங்கினால், முதுகுத்தண்டின் அடியில் எஸ்2 முதல் எஸ்4 வரை என்று எண்ணிட்ட நரம்புகளின் சுற்று வேலை செய்கிறது என்று பொருள். ஆரோக்கியமான சிலரிடமும் இது தெளிவாகத் தெரியாது. அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. சர்க்கரை, கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனைகளும் சேரும்.

இனி வைத்தியங்கள்.

மருந்துக்கடையில் முதலில் கை போவது பி12 வைட்டமினின் ஒரு வடிவமான மீத்தைல்கோபாலமின், பி காம்ப்ளக்ஸ் பக்கம்தான். பி12 குறைபாடு இருந்தால் அது நரம்பைப் பாதிக்கும், அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். சுத்த சைவர்களும் சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. அளவு சரியாக இருப்பவருக்கு அந்த வைட்டமினால் விறைப்பு வரப்போவதில்லை. லேகியத்தில் வேறொரு ஆபத்து. 'மூலிகை' என்று விற்கப்படும் இத்தகைய பொருட்களில் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டால், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமலே விழுங்குகிறோம் என்று அர்த்தம்.

அப்படியானால் டாக்டர் சீட்டோடு சில்டெனாஃபிலே வாங்கலாமா? பலருக்கு முதல் தேர்வு அதுதான். ஆனால் அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆசை எழும்போது நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடை விடுகின்றன. அதனால் உருவாகும் ரசாயனம்தான் தசையைத் தளர்த்தி ரத்தத்தை உள்ளே விடுகிறது. அந்த ரசாயனத்தைச் சிதைக்கும் நொதியை மாத்திரை தடுக்கிறது, அவ்வளவுதான். நரம்பு எதையும் அனுப்பவில்லை என்றால் மாத்திரைக்குக் காப்பாற்ற ஒன்றுமில்லை.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களிடம் இதை வெளிச்சமாகப் பார்க்கலாம். அடி மேலே, மார்புப் பகுதியில் என்றால் நினைப்பால் விறைப்பு வராது, தொட்டால் வரும். கீழ்ச்சுற்று உயிரோடு இருக்கிறது. இவர்களுக்கு மாத்திரை நன்றாகவே கேட்கும். அடி முதுகுத்தண்டின் அடிநுனியிலேயே என்றால் அந்தச் சுற்றே போய்விடுகிறது, மாத்திரைக்கு வாய்ப்பு குறைவு. சர்க்கரை நோய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1999ல் வெளியான ஒரு ஆய்வில், சில்டெனாஃபில் எடுத்த சர்க்கரை நோயாளிகளில் 56 சதவீதம் பேர் முன்னேற்றம் சொன்னார்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம்.

சில்டெனாஃபிலா, அதே வகையைச் சேர்ந்த தடலாஃபிலா என்றால், என் ஓட்டு இளைஞர்களுக்குத் தடலாஃபிலுக்கே. சில்டெனாஃபிலைச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டிருந்தால் தாமதமாகும், பலன் நாலைந்து மணி நேரம்தான். தடலாஃபில் 36 மணி நேரம் வரை நிற்கும், சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை, தினமும் 5 மில்லிகிராம் என்று எடுத்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பதற்றமும் கலந்திருப்பவருக்கு இதுவே பாதி நிம்மதி. சிலருக்கு முதுகுவலி, தசைவலி வரும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் இரண்டையுமே தொடக்கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும்.

மாத்திரை கைவிட்டால் பம்ப் அல்லது ஊசி. பம்புக்கு நரம்பே தேவையில்லை. குழாய்க்குள் காற்றை உறிஞ்சினால் ரத்தம் வந்து நிறையும், அடியில் ஒரு ரப்பர் வளையம் போட்டுப் பிடித்து வைக்க வேண்டும். 30 நிமிடத்துக்கு மேல் வளையத்தைப் போட்டு வைக்கக்கூடாது. உணர்ச்சியே இல்லாதவருக்கு வலி தெரியாது என்பதால் கடிகாரம் கட்டாயம். உறுப்பு கொஞ்சம் குளிர்ந்து, அடியில் ஆட்டத்தோடு இருக்கும் என்பதால் இளைஞர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை.

ஊசி என்றதும் முகம் சுளிப்பார்கள். ஆனால் நரம்புப் பழுதுக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான். இன்சுலின் ஊசி போன்ற மெல்லிய ஊசியால், ஆணுறுப்பின் பக்கவாட்டில் மருந்தைப் போட்டு, ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். மருந்து தசையிலேயே வேலை செய்வதால் நரம்பின் தயவு வேண்டாம். இதிலும் ஒரு விசித்திரம்: நரம்பு மட்டும் பழுதானவருக்கு ரத்தக்குழாய் நன்றாக இருப்பதால் மருந்து அளவுக்கு மீறிக் கேட்கும். ஊசியில் போடும் ஆல்ப்ரோஸ்டாடில் என்ற மருந்தை மற்றவர்களுக்கு 2.5 மைக்ரோகிராமில் தொடங்கினால் இவர்களுக்கு 1.25. முதல் ஊசி டாக்டர் முன்னிலையில்தான். விறைப்பு 4 மணி நேரம் தாண்டினால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், இல்லையென்றால் தசையே நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மருந்தை விட மலிவான வழி உண்டு: சீட்டை மாற்றுவது. நீண்ட மூக்குள்ள சீட் தொடையிடுக்கில் நரம்பை அழுத்தி மரத்துப்போகச் செய்யும். அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு அமைப்பான நியாஷ், சைக்கிள் போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட் கொடுத்துப் பார்த்தபோது அழுத்தமும் மரத்துப்போவதும் குறைந்தன.

இதில் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. முதுகுவலியோடு தொடையிடுக்கு திடீரென மரத்து, சிறுநீர் அடைத்து, காலும் தளர்ந்தால் முதுகுத்தண்டின் கீழ்நுனி நரம்புக்கற்றையை முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு (டிஸ்க்) நசுக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்வார்கள். தள்ளிப்போட்டால் விறைப்போடு சிறுநீர், மலக் கட்டுப்பாடும் திரும்பாமல் போகலாம்.