ஏழு இஞ்ச் லேத்தை ஒன்பது இஞ்ச் ஆக்கிய பிறகு

காசிமேட்டுப் பக்கம் பட்டறை வைத்தால் படகு இன்ஜின் வேலை தேடி வரும். புல்லி, ஃப்ளாஞ்ச் (இணைப்புக்கான வட்டத் தட்டு), கன்மெட்டல் புஷ் (தண்டு சுழலும் வெண்கல உறை). என்னிடம் இருப்பது பழைய மைஃபோர்டு எம்.எல்.7 லேத், அதாவது கடைசல் மிஷின். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் பீஸ்டனில் செய்த மிஷின், மாடல் வந்தது 1946-இல். சென்டர் உயரம், அதாவது அடித்தளமான பெட்டிலிருந்து சுழலும் அச்சு வரை, மூன்றரை இஞ்ச்; அதனால் பெட் மேல் ஏழு இஞ்ச் விட்டம்தான் சுற்றும். பெட்டில் உள்ள கேப் என்ற பள்ளத்தில் பத்து இஞ்ச் போகும், ஆனால் பொருளைப் பிடிக்கும் தட்டான ஃபேஸ்பிளேட்டை ஒட்டி நிற்கும் மெல்லிய பொருளுக்கு மட்டும். அகலமான எட்டு இஞ்ச் புல்லி அதில் அடங்காது.

அதனால் பொருளைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக், மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இரண்டுக்கும் அடியில் ஒரு இஞ்ச் வார்ப்பிரும்பு பிளாக் வைத்தேன். வெட்டும் டூலைப் பிடிக்கும் டூல்போஸ்டுக்கும் அதே உயரம். அச்சு ஒரு இஞ்ச் உயர்ந்ததால் விட்டம் இரண்டு இஞ்ச் கூடி ஒன்பது ஆனது. பல வருஷம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், இந்த வேலையின் உயிரே கிரைண்டிங்தான். ஹெட்ஸ்டாக் பிளாக்கையும் டெயில்ஸ்டாக் பிளாக்கையும் ஒரே பிடிப்பில், ஒன்றாக வைத்து சர்ஃபேஸ் கிரைண்டிங் (முகத்தைத் தட்டையாகத் தேய்ப்பது) செய்யச் சொல்லுங்கள். தனித்தனியாகச் செய்தால் இரண்டு உயரமும் ஒத்துப்போகாது, அப்புறம் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தே காலம் போகும். டெயில்ஸ்டாக் பிளாக் பக்கவாட்டில் ஆடாதபடி அடியில் நாக்கு விட்டுச் செய்வதும் முக்கியம். பொருத்தியதும், ஹெட்ஸ்டாக்கில் பொருளை இறுக்கும் சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து, டெயில்ஸ்டாக் இல்லாமல் இரு முனையிலும் லேசாக ஒரு வெட்டு போட்டு மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். விட்டம் வேறுபட்டால் ஹெட்ஸ்டாக் கோணம் தப்பியிருக்கலாம்.

போல்ட்டுகள் நீளமாக வேண்டும். சுழலும் தண்டான ஸ்பிண்டில், டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவை விட்டு ஒரு இஞ்ச் விலகுவதால் மாற்று கியர் வரிசையை எட்டவைக்க நான் நடுவில் ஒரு ஐட்லர் கியர் சேர்த்தேன். பெல்ட்டும் வேறு அளவு.

விட்டம் கூடியதே தவிர வலு கூடவில்லை. எட்டு இஞ்ச் வார்ப்பிரும்பை ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலில் கடையும்போது, வேகத்தைக் குறைக்கும் பேக் கியரில், 35 ஆர்.பி.எம். அளவில்தான் ஓட்டுகிறேன். விளிம்பில் அது நிமிஷத்துக்கு சுமார் 22 மீட்டர், போதும். ஆழமாக வெட்டினால் உயர்ந்து நிற்கும் ஹெட்ஸ்டாக் அதிரும், முகப்பில் கோடு விழும். மெல்ல, பலமுறை வெட்டுவதுதான் வழி. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு மேல் செல்லும் விட்டம் நாலு இஞ்சுக்குச் சற்று மேலிருந்து ஆறுக்கு மேல் போனதுதான், உண்மையில், எனக்கு அதிகம் பயன்பட்டது. பெரிய புஷ் எல்லாம் இப்போது நிம்மதியாக முடிகிறது.

கடல் காற்று படும் ஊரில் பிளாக்கும் பெட்டும் சேரும் இடுக்கில் துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைப்பதை விட்டுவிடக் கூடாது.

சில பழைய லேத்துகளில் ஹெட்ஸ்டாக்கும் பெட்டும் ஒரே வார்ப்பாக இருக்கும். அவற்றில் இதைச் செய்ய முடியாது. இந்த எண்ணத்தோடு வாங்கப் போனால் ஹெட்ஸ்டாக் போல்ட் போட்டுப் பிடித்ததா என்று அடியில் கை விட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.